கிராந்த் ஜாத் ஓவியத்தின் ஒரு பகுதி மட்டும்: பழைய அச்சுப்படி ஒன்றைப் பற்றிய கேள்விகள்

சாம்பல்நாரை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். பாரீசின் தென்புறத்தில் வார இறுதிகளில் கூடும் வான்வ் பழம்பொருள் சந்தையில் அண்மையில் ஒரு வண்ண அச்சுப்படியை வாங்கினேன். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா சிறு நிறப் புள்ளிகளும் கீற்றுகளுமாக வரைந்த ‘லா கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு’ ஓவியத்தின் நடுப்பகுதி மட்டும் அதில் உள்ளது: சிவந்த குடை பிடித்த பெண்ணும், அவள் கையைப் பற்றியபடி நம்மை நேருக்கு நேர் பார்க்கும் வெள்ளை உடைச் சிறுமியும், அவர்களைச் சூழ்ந்த புல்வெளியும். ஆறும் படகுகளும் இல்லை. வலப்புறத்தில் குரங்கைக் கயிற்றில் பிடித்து நிற்கும் சீமாட்டியும் இல்லை. தாள் ஏறக்குறைய 40க்கு 50 சென்டிமீட்டர். கீழ் ஓரத்தில் ஓவியரின் பெயர், ஓவியத்தின் பெயர், இது ஒரு பகுதி என்ற குறிப்பு, சிக்காகோ கலை நிறுவனத்தின் பெயர் ஆகியவை பிரெஞ்சில் அச்சாகியுள்ளன. பதிப்பகத்தின் பெயரோ ஆண்டோ இல்லை. தாளுக்குப் பின்னால் பழுப்பேறிய மரக்கூழ் அட்டை இருக்கிறது. சட்டத்தின் உள் அட்டை (படத்தைச் சுற்றிச் சாளரம்போல் வெட்டிய அட்டை) தொட்டிருந்த விளிம்பு நெடுகிலும் ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது.

விற்றவர் இதை ‘அசல் லித்தோகிராஃப்’ என்று சொன்னார். நான் அந்தச் சிறுமியின் பார்வைக்காகவே வாங்கினேன், ஆயினும் என்ன வாங்கியிருக்கிறேன் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இது எந்த முறையில், எந்தக் காலத்தில் அச்சிடப்பட்டது என்பதை எப்படிக் கண்டறிவது? நிறங்கள் மங்கி நீலம் தூக்கலாகத் தெரிவது அச்சினால் வந்ததா, ஓவியமே அப்படித்தான் இருக்கிறதா? இவற்றைவிட என்னை அதிகம் உறுத்தும் கேள்வி ஒன்றும் உண்டு: ஓவியர் முழுமையாக அமைத்த ஒன்றிலிருந்து ஒரு துண்டை மட்டும் பிரித்தெடுத்து அச்சிடுவது முறையான செயல்தானா?

அச்சுமை:

வணக்கம். சிவகாசியில் ஆப்செட் அச்சகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்றை எடுத்து, நிறம் மெல்ல மாறிச் செல்லும் ஓர் இடத்தில், எடுத்துக்காட்டாகச் சிறுமியின் உடையில் நிழல் படியும் இடத்தில், வைத்துப் பாருங்கள். வரிசை பிசகாத சிறு புள்ளிகள் தெரிந்து, அவை ஒன்றையொன்று சுற்றிப் பூ வட்டங்களாக நின்றால், அது, படத்தைப் புள்ளிகளாகப் பிரிக்கும் ஸ்கிரீன் வைத்து எடுத்த நான்கு வண்ண அச்சு. ஒவ்வொரு வண்ணத்தின் புள்ளி வரிசையையும் தனித்தனிக் கோணத்தில் சாய்த்து வைப்பது வழக்கம். கருப்புக்கு 45 பாகை, மெஜந்தா என்ற ஊதாச் சிவப்புக்கு 75, சயான் என்ற பசுநீலத்துக்கு 15, கண்ணுக்கு அதிகம் புலப்படாத மஞ்சளுக்கு 90 என்பது பரவலான ஏற்பாடு. கோணம் தவறினால் படம் முழுவதும் அலை அலையாக ஒரு வேண்டாத வடிவம் விழுந்துவிடும்.

புள்ளி வரிசையே இல்லாமல், ஒழுங்கற்று நெளியும் நுண்ணிய இழைகள் மட்டும் தெரிந்தால் அது கொலோடைப் ஆக இருக்கலாம். கண்ணாடித் தகட்டின் மீது ஒளி உணரும் ஜெலட்டினைப் பூசி, அது காய்ந்து சுருங்கும்போது உண்டாகும் நெளிவுகளே மையைத் தாங்கும்படி செய்கிற முறை அது. ஒரு தகட்டிலிருந்து குறைந்த எண்ணிக்கையில்தான் நல்ல படிகள் கிடைக்கும் என்பதால் செலவு அதிகம்; ஆனால் ஓவியப் பிரதிகளுக்கு அதைவிட நயமான முறை அந்நாளில் இல்லை என்பது என் கருத்து. லண்டனில் 1908-இல் தொடங்கிய மெடிசி சொசைட்டி இந்த முறையால்தான் பெயர் பெற்றது. தூவினாற்போல் ஒழுங்கில்லாத மிக நுண்ணிய துளிகள் தெரிந்தால் அது அண்மைக்கால இங்க்ஜெட். பழைய அட்டையோடு சேர்த்து விற்றாலும் அது பழையதாகாது.

‘அசல் லித்தோகிராஃப்’ என்ற சொல்லைப் பற்றி ஒன்று. எண்ணெயும் நீரும் ஒன்றையொன்று விலக்கும் என்ற லித்தோ முறையிலிருந்துதான் ஆப்செட் பிறந்தது; அந்த அளவில் அந்தப் பெயர் பொய்யில்லை. ஆனால் ஓவியரே கல்லில் வரைந்து எடுத்த படி என்று வாங்குபவர் நம்பும்படி அதைச் சொல்வது தவறு. சூரா 1891 மார்ச் 29 அன்று, 31 வயதில் இறந்தவர். இந்த ஓவியம் சிக்காகோ நிறுவனத்துக்கு வந்ததே 1926-இல்தான். அந்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய தாளில் அவர் கை பட்டிருக்க வழியே இல்லை.

கிழக்குச்சாளரம்:

மூன்றாம் கேள்விக்கு என் பதில் கடுமையானது; பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஓவியங்களையும் விட இந்த ஓவியத்தைத் துண்டாக்குவதுதான் மிகப் பெரிய அநீதி என்று நான் கருதுகிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். ஓவியத்தின் அளவு 207.5க்கு 308.1 சென்டிமீட்டர். ஏறத்தாழ ஐம்பது மனிதர்கள் அதில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பக்கவாட்டில் நிற்கிறார்கள் அல்லது அமர்ந்திருக்கிறார்கள், பலருடைய முகம் இடப்புறமுள்ள சேன் ஆற்றை நோக்கியிருக்கிறது. யாரும் யாரோடும் பேசுவதாகத் தெரியவில்லை. இத்தனை பேர் நம்மைப் பாராமல் இருப்பதால்தான், நடுவில் நிற்கும் அந்தச் சிறுமி நம்மைப் பார்ப்பது திடுக்கிட வைக்கிறது. சுற்றியுள்ளவர்களை நீக்கிவிட்டால், தாயோடு நிற்கும் ஓர் அழகிய குழந்தை என்ற அளவில் அந்தப் பார்வை சுருங்கிவிடுகிறது. அவளை முக்கியமாக்கியது எதுவோ அதுவே அச்சுப்படியில் இல்லை.

மேலும், சூரா தம் ஓவியம் எங்கே முடிய வேண்டும் என்பதில் மிகுந்த அக்கறை கொண்டவர். 1884-இல் தொடங்கி அந்தத் தீவுக்கு மீண்டும் மீண்டும் சென்று, சிறு பலகைகளிலும் கோன்டே கரிக்கோலாலும் அறுபதுக்கு நெருங்கிய முன்னாய்வுகளைச் செய்து, யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தார். 1886 மே மாதம் எட்டாவதும் இறுதியுமான இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் ஓவியத்தை வைத்த பிறகும் அவர் நிறைவடையவில்லை. 1880-களின் இறுதியில் துணியை மீண்டும் இழுத்துக் கட்டி, நான்கு புறமும் வண்ணப் புள்ளிகளாலேயே ஒரு கரையைச் சேர்த்தார்; அந்தக் கரையின் நிறம் அதற்கு அடுத்துள்ள பகுதியின் நிறத்துக்கு எதிர்நிறமாக இடத்துக்கு இடம் மாறுகிறது. ஓவியத்தின் எல்லையை இவ்வளவு எண்ணி அமைத்தவருடைய படைப்புக்கு ஓர் அச்சகத்தார் வேறோர் எல்லையை வகுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சாம்பல்நாரை:

அச்சுமை ஐயா சொன்னபடி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பூ வட்டங்கள் தெளிவாகத் தெரிகின்றன. நீலப் புள்ளியும் கருப்புப் புள்ளியும் அழுத்தமாக இருக்கின்றன, சிவப்பு வெளிறியிருக்கிறது, மஞ்சளைத் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது. சூரா வைத்த புள்ளி ஒன்றுக்குள்ளேயே அச்சுப் புள்ளிகள் பல அடங்கியிருப்பதைக் கண்டபோது நெடுநேரம் லென்ஸை எடுக்க மனம் வரவில்லை. சாளரம் அவர்களின் வாதம் வலுவாக இருக்கிறது. பதில் சொல்வதற்கு முன் மற்றவர்களும் பேச வேண்டும் என்று காத்திருக்கிறேன்.

அச்சுமை:

நீங்கள் லென்ஸுக்குள் கண்டதையே சாளரம் அவர்களுக்குப் பதிலாக வைக்க விரும்புகிறேன். நல்ல கலை அச்சில் ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி வரிசைகள் இருக்கும் என்று கொள்வோம். அப்படியானால் ஒரு புள்ளி வரிசைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.17 மில்லிமீட்டர். இப்போது 308 சென்டிமீட்டர் அகலமுள்ள முழு ஓவியத்தையும் ஒரு நூலின் 30 சென்டிமீட்டர் பக்கத்துக்குள் அடக்குகிறோம். எல்லாம் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. சூராவின் தூரிகைப் புள்ளி ஒன்று 4 மில்லிமீட்டர் என்றால் அது தாளில் 0.4 மில்லிமீட்டராகிவிடும். அதைக் காட்டுவதற்கு அச்சுக்காரனிடம் இருப்பவை குறுக்கே இரண்டு அல்லது மூன்று அச்சுப் புள்ளிகள். அந்த இரண்டு மூன்று புள்ளிகளைக் கொண்டு ஒரு நிறத்தின் வடிவத்தையோ விளிம்பையோ காட்ட முடியாது. அருகருகே இருந்த ஆரஞ்சும் நீலமும் கலந்து ஒரு சாம்பல் மூட்டமாக அச்சாகும். அதாவது, முழு ஓவியத்தையும் காட்டும் சிறிய பிரதி சூரா என்ன செய்தார் என்பதை மறைத்துவிடுகிறது.

அதே நடுப்பகுதியை மட்டும் எடுத்து, அசலின் பாதி அளவில் அச்சிட்டால், அந்த 4 மில்லிமீட்டர் புள்ளிக்கு 2 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. குறுக்கே பன்னிரண்டு அச்சுப் புள்ளிகள் அதைத் தாங்குகின்றன. அப்போதுதான் புல்லின் பச்சையில் ஆரஞ்சு தனியாக நிற்பது தெரியும், வெள்ளை உடையின் நிழல் நீலத்தால் ஆனது என்பது தெரியும். சாளரம் அவர்கள் சொல்லும் அமைப்பு முழுப் படத்தில்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வண்ணம் வைத்த விதம் பகுதிப் படத்தில்தான் இருக்கிறது. ஓர் அச்சுத் தாளால் இரண்டையும் ஒருசேரக் கொடுக்க முடியாது. எந்த ஒன்றைக் கைவிடுவது என்று அச்சிடுபவர் முடிவு செய்தே ஆக வேண்டும். இந்தத் தாளை உருவாக்கியவர் அந்த முடிவை அறிந்தே எடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இது ஒரு பகுதி என்பதை மறைக்காமல் கீழே அச்சிட்டிருக்கிறார்.

நெடுவழி:

இரண்டு ஐயங்கள். சிக்காகோ கலை நிறுவனம் 2018 முதல் தன் தொகுப்பின் பல்லாயிரம் படங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி உயர்ந்த துல்லியத்தில் இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. இந்த ஓவியமும் அவற்றில் உண்டு. திரையில் ஒவ்வொரு புள்ளியையும் பெரிதாக்கிப் பார்க்கலாம். அப்படியிருக்க, நிறம் போன பழைய தாளை ஏன் பாதுகாக்க வேண்டும்?

அடுத்தது: சூராவின் முறையும் அச்சுப் புள்ளி முறையும் அடிப்படையில் ஒன்றுதானே? இரண்டிலும் தனித்தனி நிறப் புள்ளிகள் கண்ணில் கலந்து ஒரு நிறமாகின்றன என்றுதான் படித்திருக்கிறேன்.

கிழக்குச்சாளரம்:

இரண்டாம் ஐயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பாடநூல்களே பரப்பிய ஒரு பிழையான புரிதல் இதில் இருக்கிறது.

காலம் ஒத்துப்போகிறது என்பது உண்மை. மியூனிக்கில் மைசன்பாக் ஒளிப்படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் முறைக்கு 1882-இல் காப்புரிமை பெற்றார். சூரா இந்த ஓவியத்தைத் தொடங்கியது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. ஆனால் அவர் தமக்கு வழிகாட்டியாகக் கொண்டவை நிற அறிவியல் நூல்கள். கோபலென் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரல், ஒரு நூலின் நிறம் பக்கத்து நூலின் நிறத்தால் மாறித் தோன்றுவதை ஆராய்ந்து 1839-இல் வெளியிட்டார். அமெரிக்க இயற்பியலாளர் ஆக்டன் ரூட் 1879-இல் எழுதிய நூலில், நிறமிகளைத் தட்டில் கலப்பதற்கும் ஒளியாகக் கண்ணில் கலப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். சூரா இரண்டையும் படித்தார்.

ஆயினும் அவர் ஓவியத்தின் முன்னால் நிற்பவர் காண்பது முழுக்கக் கலந்துவிட்ட நிறமில்லை. புள்ளிகள் பெரியவை, வழக்கமாக நின்று பார்க்கும் தொலைவில் அவை பாதி கலந்தும் பாதி தனித்தும் நிற்கின்றன, அந்த முடிவுறாத நிலையில்தான் பரப்பு முழுவதும் அதிர்கிறது. எல்லாமே புள்ளிகளும் இல்லை. முதற்கட்டத்தில் புல்லில் குறுக்கும் நெடுக்குமான கீற்றுகளையும், நீரில் கிடைமட்டக் கீற்றுகளையும், உடைகளில் உடலின் வளைவைப் பின்பற்றும் கீற்றுகளையும் இட்டிருக்கிறார். 1885 அக்டோபரில் ஓவியர் பிஸ்ஸாரோவைச் சந்தித்த பிறகு, அந்தக் குளிர்காலத்தில் அவற்றின் மீது சிறு புள்ளிகளைச் சேர்த்தார். அச்சுப் புள்ளியோ எங்கும் ஒரே வரிசையில் நிற்பது, எதன் வடிவத்தையும் பின்பற்றாதது, கண்ணுக்குத் தெரியவே கூடாது என்று எண்ணி உருவாக்கப்பட்டது. சூராவின் புள்ளி தெரிய வேண்டும் என்றே வைக்கப்பட்டது. மையின் தன்மையும் வேறு: அச்சு மை ஒளி ஊடுருவும் படலம், ஒன்றன் மேல் ஒன்று படிந்து நிறத்தைக் கழிக்கிறது, சூராவின் நிறமிகள் பெரும்பாலும் வெள்ளை கலந்து ஒளி புகாமல் அடர்ந்து நிற்பவை.

அச்சுமை ஐயாவின் கணக்கை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. வண்ணம் வைத்த விதத்தைக் கற்க விரும்புபவருக்குப் பகுதிப் படம் தேவை என்பதை ஏற்கிறேன். சுவரில் தொங்கவிடுவதற்கு அதுவே போதும் என்பதைத்தான் ஏற்கவில்லை.

தாள்பூச்சி:

தாள் பாதுகாப்புப் பணியில் இருக்கிறேன். நிறம் பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது என்பதால் எழுதுகிறேன்.

நான்கு வண்ண அச்சில் கருப்பு என்பது கரி. அது ஒளியில் போகாது. சயான் மையில் பெரும்பாலும் 1930-களில் சந்தைக்கு வந்த தாலோசயனின் நீலம் இருக்கும். அதுவும் மிக உறுதியானது. மஞ்சளும் மெஜந்தாவும் ஒளிபட்டால் முதலில் தளர்பவை. வெயில் வரும் அறையில் பல ஆண்டுகள் தொங்கிய ஆப்செட் பிரதிகள் அனைத்தும் நீலத்தை நோக்கிச் சாய்வதற்கு இதுவே காரணம். சாம்பல்நாரை அவர்கள் லென்ஸில் கண்ட வரிசையும் இதனோடு அப்படியே பொருந்துகிறது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சட்டத்தின் உள் அட்டை படத்தின் விளிம்பைச் சிறிதளவேனும் மூடியிருந்தால், அந்த மூடிய பட்டையில் நிறம் போகாமல் இருக்கும். அதைத் திறந்த பகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காலத்தைப் பற்றி: இருட்டறையில் புறஊதா விளக்கை வைத்துத் தாளின் வெற்று ஓரத்தைப் பாருங்கள். தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வூட்டிகள் பரவலாகச் சேர்க்கப்பட்டது 1950-களிலிருந்துதான். ஓரம் பளீரென்ற நீல வெண்மையில் ஒளிர்ந்தால், தாள் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒளிராவிட்டால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் பின்னாளிலும் ஒளிர்வூட்டி இல்லாத தாள்கள் இருந்தன.

ஆனால் ஓவியத்தின் நிறமும் மாறியிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்; இது மிக வருந்தத்தக்க கதை. 1885–86 குளிர்காலத்தில் சேர்த்த புள்ளிகளுக்குச் சூரா துத்தநாக மஞ்சளைப் பயன்படுத்தினார். துத்தநாகமும் பொட்டாசியமும் சேர்ந்த குரோமேட் அது. வெயில் விழும் புல்வெளிக்கு ஒளி சேர்க்கத் தனியாகவும், ஆரஞ்சிலும் பச்சையிலும் கலந்தும் அதை இட்டார். சில ஆண்டுகளிலேயே அதிலுள்ள குரோமியத்தின் வேதிநிலை மாறத் தொடங்கி, மஞ்சள் காவியாகவும், மஞ்சள் கலந்த பச்சை ஆலிவ் நிறமாகவும், ஆரஞ்சு பழுப்பாகவும் மாறிவிட்டன. சூராவை முதன்முதலில் புரிந்துகொண்டு எழுதிய விமர்சகர் ஃபெனியோன், அவர் இறந்த மறு ஆண்டான 1892-லேயே இதைக் குறிப்பிட்டார்: சிவப்பும் நீலமும் நிலைத்துவிட்டன, பச்சை மங்கியது, ஒளியைக் குறித்த ஆரஞ்சுப் புள்ளிகள் வெறும் ஓட்டைகளைப் போல் ஆகிவிட்டன என்பது அவர் எழுதியதன் சாரம். தம் வாழ்நாளின் பெரிய முயற்சியில் ஒளிக்காக வைத்த நிறமே முதலில் இருண்டுபோயிற்று. 2004-இல் சிக்காகோவில் நடந்த கண்காட்சியையொட்டி, நிற அறிவியலாளர் ராய் பெர்ன்ஸ் கணினியின் துணையோடு அந்த மஞ்சளை மீட்டு, ஓவியம் தொடக்கத்தில் எப்படி இருந்திருக்கும் என்று காட்டினார். புல்வெளி அதில் முற்றிலும் வேறு வெயிலில் நிற்கிறது.

ஆகவே சாம்பல்நாரை அவர்களின் தாளில் மஞ்சள் இருமுறை இழக்கப்பட்டிருக்கிறது: முதலில் ஓவியத்தில், பின்பு அச்சில்.

நெடுவழி:

அப்படியானால் என் முதல் ஐயத்துக்கும் இதில் பாதி விடை கிடைத்துவிட்டது என்று எண்ணுகிறேன். இந்தத் தாள் அச்சான ஆண்டில் ஓவியத்தின் நிறம் எப்படி இருந்தது என்பதற்கு, மங்காத அந்த விளிம்புப் பட்டை ஒரு சான்றாகாதா? இன்றைய கோப்பு இன்றைய நிலையைத்தானே காட்டும்?

அச்சுமை:

அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்பேன். அந்நாளில் வண்ணம் பிரித்த விதத்தை அருகிலிருந்து பார்த்தவன் நான். ஓவியத்தைப் படம் பிடித்த வண்ணப் பாசிட்டிவ் (ஒளி ஊடுருவும் படச்சுருள்) ஒன்று அச்சகத்துக்கு வரும்; அதைச் சிவப்பு, பச்சை, நீல வடிப்பான்கள் வழியே படம் பிடித்து சயான், மெஜந்தா, மஞ்சள் பிளேட்டுகளுக்கான நெகட்டிவ் எடுப்பார்கள். வடிப்பான்களும் மைகளும் இலட்சிய நிலையில் இல்லாததால் ரீடச்சர் உட்கார்ந்து கையால் திருத்துவார். அசல் ஓவியத்தை அவர் பார்த்திருக்க மாட்டார். பாசிட்டிவ்வையும் தம் அனுபவத்தையும் வைத்தே திருத்துவார். சிவப்பு போதவில்லை என்று பட்டால் ஏற்றுவார், முகம் பச்சையடித்தால் இறக்குவார். இயந்திரத்தில் ஏறிய பிறகு மையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அச்சிடுபவர் கையில். இத்தனை கைகளைக் கடந்து வந்த நிறத்தை ஓவியத்தின் அளவீடாகக் கொள்ள முடியாது.

என்றாலும் அது எதற்குச் சான்று என்று கேட்டால் எனக்குப் பதில் இருக்கிறது. ஓர் ஓவியத்தைத் தம்மால் இயன்ற அளவு உண்மையாகத் தாளுக்குக் கொண்டுவரப் பல தொழிலாளர்கள் பட்ட பாட்டுக்கு அது சான்று. அவர்கள் பெயர் எந்த ஓரத்திலும் அச்சாகவில்லை. கோப்பை இறக்கிப் பெரிதாக்கிப் பார்க்கும்போது கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது என்று நான் மனமார நம்புகிறேன்.

நெடுவழி:

ஐயா சொல்வதை மதிக்கிறேன். பிரதிகளின் முக்கியத்துவத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஓவியம் 1958-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கண்காட்சிக்காக அனுப்பப்பட்டிருந்தபோது, ஏப்ரல் 15 அன்று அங்கே தீப்பிடித்தது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். மோனேயின் பெரிய அல்லி ஓவியம் ஒன்று எரிந்து போயிற்று. கிராந்த் ஜாத் சேதமின்றி வெளியே கொண்டுவரப்பட்டது. அதன் பிறகு சிக்காகோ நிறுவனம் அதை வேறெங்கும் அனுப்பவில்லை. பாரீசுக்கு அருகே வரையப்பட்ட ஓவியத்தை, அந்தத் தீவுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கூட அட்லாண்டிக்கைக் கடந்தால்தான் காண முடியும். பெரும்பாலானோருக்கு அது அச்சாகவே அறிமுகமாயிருக்கும்.

ஒரு சரிபார்ப்பும் தேவை. ஓவியத்தின் இறுதி முன்னாய்வு ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 70.5க்கு 104.1 சென்டிமீட்டர். குடைப் பெண்ணும் சிறுமியும் அதிலும் உண்டு. அச்சுப்படிகளில் இரண்டையும் மாற்றிக் குறிப்பிட வாய்ப்பு இருக்கிறது. முன்னாய்வில் கீற்றுகள் அகன்று தளர்வாக இருக்கும், சிறு புள்ளிகளின் மேற்படலம் இராது. உங்கள் தாளில் எது தெரிகிறது?

சாம்பல்நாரை:

சிறு புள்ளிகள் தெளிவாக உள்ளன. குடையின் விளிம்பிலும் பாவாடையின் ஓரத்திலும் அவை நெருங்கி நிற்கின்றன. அருங்காட்சியகங்களின் படங்களோடு ஒப்பிட்டேன், சிக்காகோ ஓவியமேதான்.

புறஊதா விளக்கில் தாளின் ஓரம் நீல வெண்மையில் நன்றாக ஒளிர்கிறது, பின் அட்டை ஒளிரவில்லை. ஆகவே 1950-களுக்குப் பிந்தியது என்று கொள்கிறேன். உள் அட்டையை விலக்கியபோது, படத்தின் மேல் விளிம்பில் ஒரு மெல்லிய பட்டை மூடியிருந்தது தெரிந்தது. அந்தப் பட்டையில் புல் வேறு நிறத்தில் இருக்கிறது. பச்சைக்குள் சிவப்பும் மஞ்சளும் உயிரோடு நிற்கின்றன. தாள்பூச்சி அவர்கள் சொன்னது அப்படியே கண்ணெதிரே இருந்தது.

சாளரம் அவர்களுக்கு: முழுமை இழக்கப்படுகிறது என்பதை உணர்கிறேன். ஆனால் மூன்று மீட்டர் ஓவியத்தின் முன் நிற்பவரும் அருகே போகிறார், ஓரிடத்தில் நிற்கிறார், பிறகு விலகுகிறார். அருகே போன அந்த நிலையைத்தான் இந்தத் தாள் வைத்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் முழு ஓவியத்தின் சிறிய படம் ஒன்றையும் வைக்க எண்ணியிருக்கிறேன்.

கிழக்குச்சாளரம்:

இரண்டையும் அருகருகே வைப்பது எனக்கு உடன்பாடு. சிறிய படத்தில் ஓவியத்தின் வண்ணக் கரையும் சேர்ந்திருக்கட்டும். பல பிரதிகள் அதை வெட்டிவிடுகின்றன. அருகே செல்பவர் தம் காலால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார், அச்சுப்படியில் அதை வேறொருவர் தேர்ந்தெடுத்துத் தருகிறார் என்ற வேறுபாடு மட்டும் என் மனத்தில் அப்படியே இருக்கிறது.

சாம்பல்நாரை:

தாள்பூச்சி அவர்களிடம் கடைசியாக ஒன்று. சட்டம் செய்பவர், பழுப்புக் கோட்டோடு சேர்த்து நான்கு ஓரங்களையும் வெட்டிவிட்டால் படம் சுத்தமாகத் தெரியும் என்கிறார். சம்மதிக்கலாமா?

தாள்பூச்சி:

வேண்டாம். அந்தக் கோடு அதைத் தொட்டிருந்த உள் அட்டையின் அமிலத்தால் வந்தது. பழைய அட்டைகளை அகற்றினால் அது மேலும் பரவுவது நிற்கும். கோட்டையும் ஓரத்தையும் வெட்டினால், கீழே அச்சாகியிருக்கும் குறிப்பும், மேலே நிறம் போகாமல் மிஞ்சியிருக்கும் பட்டையும் போய்விடும். இந்தத் தாள் எந்த நிறத்தில் அச்சானது என்பதைச் சொல்ல அந்தப் பட்டையைத் தவிர வேறெதுவும் இல்லை. வெளுப்பதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம். பின் அட்டை ஒட்டப்படாமல் தளர்வாக இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒட்டியிருந்தால் நீங்களே பிய்க்காமல் பயிற்சி பெற்ற ஒருவரிடம் கொடுங்கள். பருத்தியால் செய்த அமிலமற்ற அட்டையில், மேல் விளிம்பில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் கீல்களைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். தாள் கண்ணாடியைத் தொடாதபடி உள் அட்டை இடைவெளி தரட்டும். அதன் சாளரத்தைப் படத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டினால் ஓரக் குறிப்பும் படிக்கக் கிடைக்கும். புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி நல்லது, ஆனால் அதை நம்பி வெயில் விழும் சுவரில் மாட்ட வேண்டாம். தாளில் உள்ளவற்றுக்கு அருங்காட்சியகங்கள் பின்பற்றும் ஒளியளவு 50 லக்ஸ். சன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்து, சன்னல் இருக்கும் அதே சுவரில் மாட்டினால் நேர்வெயில் படாது.